திரையில் தெரியும் வைரம் எங்கிருந்து வருகிறது?

தில்லியின் மேற்குப் பகுதியிலுள்ள ஜனக்புரியில் வாழும் ஒரு குடும்பம், மகளின் திருமணத்திற்கு வைர மோதிரம் வாங்க விரும்புவதாகக் கொள்வோம். இணையவழி விற்பனையாளரின் பட்டியலைத் திறந்தால், அரை காரட் எடையில் மட்டுமே நூற்றுக்கணக்கான கற்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எடை, நிறம், தெளிவு, வெட்டு, விலை ஆகியவை தரப்பட்டுள்ளன. இத்தனை கற்களையும் விற்பனையாளர் விலைக்கு வாங்கிக் கையிருப்பில் வைத்திருப்பதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால், பெரும்பாலான தனிக்கற்கள் அப்பொழுது வேறொருவரின் பெட்டகத்தில் இருக்கின்றன. இதை அறிந்து வாங்குவது நுகர்வோருக்கு நன்மை தரும்.

கச்சாக் கல்லின் பயணம்

ஒரு காலத்தில் கோல்கொண்டா வைரங்களால் உலகப் புகழ் பெற்ற நம் நாடு, இன்று கச்சா வைரத்திற்குப் பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளது. போட்ஸ்வானா, அங்கோலா, ரஷ்யா, கனடா முதலிய நாடுகளில் தோண்டி எடுக்கப்படும் கற்கள், நீண்டகால ஒப்பந்தம், ஏலம் ஆகியவற்றின் வாயிலாகவும், ஆண்ட்வெர்ப், துபாய் சந்தைகளின் வழியாகவும் வந்து சேர்கின்றன. போர்க்குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் வைரங்களைத் தடுக்க, 2003 முதல் நடைமுறையிலுள்ள கிம்பர்லி முறைப்படி, எல்லை தாண்டும் ஒவ்வொரு கச்சா வைரப் பொதிக்கும் அரசுச் சான்றிதழ் தேவை. பட்டை தீட்டிய கற்களுக்கு இம்முறை பொருந்தாது.

உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கைப்படி பத்தில் ஒன்பது பங்கு இந்தியத் தொழிலாளரின் கைகளில் உருப்பெறுகின்றன என மதிப்பிடப்படுகிறது. இத்தொழிலின் மையம் சூரத். மும்பையில் பாரத் டயமண்ட் போர்ஸ் 2010-லும், சூரத்தின் வைரச் சந்தை வளாகம் 2023 டிசம்பரிலும் திறக்கப்பட்டன.

கையிருப்பு யாருடையது?

தீட்டப்பட்ட கல்லை உற்பத்தியாளர் ஆய்வகத்திற்கு அனுப்பித் தரச்சான்று பெறுகிறார். பின்னர் அதன் விவரங்களை மொத்த வணிகர்களுக்கான மின்னணுப் பட்டியலில் சேர்க்கிறார். சில்லறை விற்பனையாளர் அப்பட்டியலைத் தமது விற்பனைப் பக்கத்துடன் இணைத்து, தம் இலாபத்தைக் கூட்டி விலை குறிக்கிறார். வாடிக்கையாளர் பணம் செலுத்திய பின்னரே கல் வாங்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மோதிரத்தில் பதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1999-இல் தொடங்கப்பட்ட புளூ நைல் நிறுவனம் இம்முறையில் வளர்ந்ததாகும்.

இது முற்றிலும் புதியதன்று. விற்றால் விலை, விற்காவிடில் கல் திரும்ப என்னும் 'ஜாங்கட்' வழக்கம் நம் வைர வணிகத்தில் நெடுநாளாக உள்ளது. முன்பு கல்லே கடைக்கு வந்தது. இப்பொழுது முதலில் அதன் விவரம் மட்டும் வருகிறது. முதலீடு முடங்காததால் விலை குறையக்கூடும். ஆயினும், ஒரே கல் பல விற்பனையாளர்களின் பட்டியலில் வெவ்வேறு விலைகளில் தோன்றுவதும், பணம் செலுத்திய பின் "கல் விற்றுவிட்டது" என்ற பதில் வருவதும் உண்டு.

நகையில் பதிக்கப்படும் பொடி வைரங்களின் நிலை வேறு. அவை தரம் பிரித்துப் பொதிகளாக வாங்கப்படுகின்றன. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் தனிச்சான்று இராது.

சான்றிதழே அடையாளம்

எனவே, தனிக்கல்லின் அடையாளம் அதன் சான்றிதழ் எண்ணாகும். பல கற்களின் விளிம்பில் அவ்வெண் லேசர் ஒளியால் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கியால் அதைக் காணலாம். ஆய்வகத்தின் இணையப் பதிவேட்டிலும் எண்ணை ஒப்பிடலாம். அதே எண்ணைக் கொண்டு பிற விற்பனையாளர் கூறும் விலையையும் அறியலாம். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரமும் இயற்கை வைரமும் கண்ணுக்கு ஒன்றே; கருவிகளால்தான் பிரித்தறிய முடியும். விலையிலோ பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே, எவ்வகைக் கல் என்பது ரசீதிலும் எழுதப்பட வேண்டும். நகையின் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே உறுதி செய்கிறது. கல்லைப் பற்றி அது எதுவும் கூறாது.

சட்டத்தின் துணை

கல் யாருடைய பெட்டகத்திலிருந்து வந்தாலும், தம் பெயரில் ரசீது கொடுத்து விற்றவர் வாங்கியவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழி செய்துள்ளது. செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில், மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஆகவே, சூரத்தில் தீட்டப்பட்டு, மும்பையில் விற்கப்பட்ட கல்லுக்காக ஜனக்புரிக் குடும்பம் அவ்வூர்களுக்கு அலைய வேண்டியதில்லை; தன் மாவட்டத்திலேயே முறையிடலாம். அதற்குச் சான்றிதழும் ரசீதும் கையில் இருத்தல் வேண்டும்.