உப்பளத்துச் சிவப்பும் பூவரசு மஞ்சளும்

நிறங்களின் கதை – 7

கோடையில் தூத்துக்குடியிலிருந்து வேப்பலோடைப் பக்கம் போகிறவர்கள் உப்பளப் பாத்திகளைக் கவனித்திருப்பார்கள். புதிதாக நீர் விட்ட பாத்தியில் வானத்தின் நீலம் தெரியும். வெயில் ஏறி உப்பு இறுக இறுக அதே தண்ணீர் ரோஸ் நிறமாகும். சில பாத்திகள் செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் சிவந்து கிடக்கும்.

யாரும் சாயம் கலக்கவில்லை. துனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசியும், உப்பில் வாழப் பழகிய வேறு சில நுண்ணுயிர்களும் செய்கிற வேலை இது. கொளுத்தும் வெயிலைத் தாங்க அந்தப் பாசி பீட்டா கரோட்டினைத் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதுதான். உப்பளத்துக்கு இதனால் ஆதாயமும் உண்டு. சிவந்த நீர் வெப்பத்தை அதிகம் உறிஞ்சி, சீக்கிரம் ஆவியாகிறது. இந்தக் கரோட்டினாய்டு குடும்பத்துச் சாயங்கள் இரையோடு உள்ளே போய்த்தான் பூநாரைகளின் இறகிலும் சிவப்பு ஏறுகிறது.

உப்பளத்து வரப்பில் படர்ந்திருக்கும் உமரியும் கோடையில் சிவக்கும். ஆனால் அது வேறு சாயம், பெயர் பீட்டாலைன். பீட்ரூட், செந்தண்டுக் கீரை, வாடாமல்லி, வீட்டு வாசலில் நிற்கும் காகிதப்பூ எல்லாம் இந்த வகைதான். காகிதப்பூவில் நாம் பூ என்று நினைப்பது வண்ண இலைகளையே. உண்மையான பூ அவற்றின் நடுவே சிறு குழலாக, வெளிறிய நிறத்தில் இருக்கும்.

மூன்றாவது சாயம் ஆந்தோசயனின். நீலச் சங்குப்பூ நாலைந்தை வெந்நீரில் போட்டால் நீர் நீலமாகும். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அடுத்த நொடியே கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். புளிப்பு கூடினால் சிவப்புப் பக்கம் சாய்வது இந்தச் சாயத்தின் குணம்.

சாயமே இல்லாத நிறமும் இந்தக் கடலில் உண்டு. முத்தின் மேல் ஓடும் பச்சையும் இளஞ்சிவப்பும், மிக மெல்லிய சுண்ணாம்புப் படலங்கள் அடுக்கடுக்காக அமைந்து ஒளியைப் பிரிப்பதால் வருபவை. இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி க.அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். சிப்பிக்குள் வைத்த சிறு மணியின் மேலும் அதே படலங்கள்தான் படிந்தன.

இனி, எந்த நிறத்தோடு எது சேரும் என்ற கேள்வி. பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வேதியியலர் செவ்ரல் முன்னால் ஒரு புகார் வந்தது: நெசவில் கறுப்பு எடுப்பாக இல்லை. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மங்கடித்தது. 1839-இல் வெளியிட்ட நூலில், தோட்டத்தில் பூச்செடிகளை எப்படி அடுக்கலாம் என்றும் எழுதினார். மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம், இடையிடையே வெள்ளை.

நம் கடற்கரையில் அந்த மஞ்சள்–ஊதா ஜோடி தானாகவே வளர்கிறது. மணலில் படரும் அடும்பின் பூ ஊதா கலந்த ரோஸ். தொண்டைக்குழியில் நிறம் இன்னும் அடர்த்தி. அதை ஒட்டி நிற்கும் பூவரசில் பூ வெளிர்மஞ்சளாக விரியும். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் அரக்கு நிறத் திட்டு. வாடும்போது பூ முழுவதுமே மங்கலான சிவப்புக்கு மாறும். தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதை 1910-களில் சர்க்கரைத் தண்ணீரும் வண்ண அட்டைகளும் வைத்து நிரூபித்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். சிவப்பு மட்டும் தேனீக்குக் கருமையாகத்தான் தெரியும். ஆகவே மஞ்சளுக்குள் இருக்கும் அரக்குத் திட்டு அதன் கண்ணுக்கு ஓர் இருண்ட வட்டம்.

மொட்டைமாடித் தொட்டியில் முயன்று பார்க்க எளிய ஜோடி ஒன்று: கம்பியில் நீலச் சங்குப்பூவை ஏற்றிவிட்டு, அடியில் ஆரஞ்சுக் கேந்தி. இரண்டும் வெயில் கேட்கும் செடிகள். கேந்தி விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கும். நீலம் தனியாக இருந்தபோதும் கேந்தி பூத்த பிறகும் எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம்: தேரிக்காட்டு மணல் ஏன் சிவப்பு?