13 ஊதுகருவிகள், ஒரு குரல்

நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், ஐந்து சாக்ஸபோன். கூடவே பியானோ, கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ். அமெரிக்க ஜாஸில் ‘பிக் பேண்ட்’ என்று சொல்லப்படும் குழுவின் வழக்கமான கட்டு இது. ஆள் கணக்கு ஒன்றிரண்டு கூடும், குறையும். 1930களில் பெரிய நடன அரங்குகளுக்காக வளர்ந்த குழு என்பதால் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் குழுவின் முன்னால் ஒருவர் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் பாட வேண்டுமென்றால் எப்படி முடியும்?

பாதி வேலையை மைக் செய்கிறது. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் பாடகர்கள் தொண்டை கிழியக் கத்தாமல் தணிந்து பாடத் துணிந்தார்கள். மீதிப் பாதி காகிதத்தில் நடக்கிறது. எந்தக் கருவி எந்த இடத்தில் எந்த ஸ்வரத்தை எவ்வளவு ஓங்கி வாசிக்க வேண்டும், எங்கே வாயே திறக்கக் கூடாது என்று ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பவர் அரேஞ்சர். பாட்டை எழுதியவரும் அவர் அல்ல, பாடுபவரும் அல்ல. ஆனால் கேட்பவர் மனத்தில் பாட்டு எந்த உருவத்தில் தங்குகிறது என்பதைப் பெரும்பாலும் அவர்தான் முடிவு செய்கிறார்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், 1956-ல் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட ‘சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவ்வர்ஸ்’ என்ற ஆல்பம். பாடியவர் ஃபிராங்க் சினாட்ரா. அரேஞ்சர் நெல்சன் ரிடில். ஆல்பத்தில் 15 பாட்டுகள், ஒன்றுகூடப் புதியதல்ல. பெரும்பாலும் பிராட்வே நாடகங்களிலும் ஹாலிவுட் படங்களிலும் வந்து, பலர் வாயில் புழங்கிய பழைய பாட்டுகள். இவற்றைத்தான் ஜாஸ்காரர்கள் ஸ்டாண்டர்ட் என்கிறார்கள். ஒரே கீர்த்தனையை ஆளுக்கொரு விதமாகப் பாடுவதைக் கேட்கச் சபாவுக்குப் போகிறோமே, அதே ஆர்வம்தான் இங்கேயும். பாட்டு தெரிந்ததுதான், இவர் என்ன செய்யப் போகிறார் என்பதுதான் கேள்வி.

சினாட்ரா ஜாஸ் பாடகர்தானா என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைப் போல அவர் ஸ்வரங்களை அள்ளி வீசி மெட்டை மாற்றுவதில்லை. அவர் விளையாடுவது நேரத்தோடு. தாளம் விழுந்த பிறகு சற்றுப் பொறுத்துச் சொல்லைத் தொடங்குவார். அடுத்த சொல்லை முன்னே இழுத்து, வரி முடியும் இடத்தில் சரியாக வந்து சேர்ந்துவிடுவார். 1940 முதல் 1942 வரை டாமி டார்ஸியின் குழுவில் பாடியபோது, டிராம்போன் வாசித்துக்கொண்டே டார்ஸி மூச்சு வாங்குவது வெளியே தெரியாததைக் கவனித்து, நீண்ட வரிகளை முறிக்காமல் பாடப் பழகினார். இப்படிப் பாடுகிறவர் என்னைப் பொறுத்தவரை ஜாஸ் பாடகர்தான்.

ரிடிலும் டிராம்போன்காரர், அவரும் கொஞ்ச காலம் டார்ஸி குழுவில் இருந்தவர். சினாட்ராவுக்கு எழுதும்போது தான் கடைப்பிடித்தவை இரண்டு விதிகள் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒன்று, பாட்டின் உச்சம் எங்கே என்று கண்டுபிடித்து, மொத்த அமைப்பையும் அதை நோக்கி ஏற்றிக்கொண்டு போவது. இரண்டாவது, சினாட்ரா வேகம் எடுத்துவிட்டால் வழியை விட்டு விலகிவிடுவது. இரண்டாவதுதான் கடினம். திறமையான அரேஞ்சர்கள் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். கையில் இத்தனை கருவிகள் இருக்கும்போது சும்மா இருக்க யாருக்கு மனம் வரும்? ரிடிலின் எழுத்தில், குரல் ஒலிக்கும்போது ஊதுகருவிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வரிக்கும் வரிக்கும் இடையில் மூச்சு விடும் இடைவெளியில்தான் பதில் சொல்லும். சில பாட்டுகளில் அந்த இடைவெளியை ஹாரி எடிசனின் ஒற்றை டிரம்பெட் நிரப்புகிறது. வாயில் அடைப்பான் செருகிய டிரம்பெட், இரண்டு மூன்று ஸ்வரம், அவ்வளவுதான்.

உச்சத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு ‘ஐ’வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்’ பாட்டைக் கேட்க வேண்டும். கோல் போர்ட்டர் 1936-ல் ‘பார்ன் டு டான்ஸ்’ படத்துக்கு எழுதியது. பெரும்பாலான ஸ்டாண்டர்ட்கள் எட்டு எட்டு பார்களாக (தாள அளவுகளாக) 32 பார்களில் முடிந்துவிடும். இது அதைவிட நீளமானது. முதல் பகுதிக்குத் திரும்பி வந்து இளைப்பாறாமல் மேலே ஏறிக்கொண்டே போகிறது. ரிடில் நிதானமான நடையில் தொடங்குகிறார். செலஸ்டாவின் மணியோசை, கீழ் ஸ்தாயியில் ஒரு சிறு சுழற்சி. சினாட்ரா ஒரு சுற்றுப் பாடி முடித்து நிறுத்துகிறார்.

அதன் பிறகு குரலே இல்லை. டிராம்போன்கள் ஒரு சிறு துணுக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஒரு படி ஏறுகிறது, மேலே வயலின்களும் டிரம்பெட்களும் சேர்கின்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’ தன் மனத்தில் இருந்ததாக ரிடில் சொல்லியிருக்கிறார். துணுக்குக்கான யோசனையைக் கொடுத்தவர் பேஸ் டிராம்போன் வாசித்த ஜார்ஜ் ராபர்ட்ஸ். இனி தாங்காது என்னும்போது மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் தனியாக வெடித்துக் கிளம்புகிறது. அது அடங்கும் முன்பே சினாட்ரா உள்ளே வருகிறார். இப்போது அவர் தணிந்து பாடவில்லை. இசைக்குழு ஏற்றி வைத்த உயரத்திலிருந்தே தொடங்குகிறார். கடைசியில் எல்லாம் மெல்ல இறங்கி, ஆரம்பித்த இடத்திலேயே ஓய்கிறது. மொத்தம் நான்கு நிமிடம்கூட இல்லை.

1956 ஜனவரி 12 அன்று நடந்த ஒலிப்பதிவு இது. இன்றைக்குப் போல ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவுசெய்து பிறகு ஒட்டும் வழக்கம் அப்போது இல்லை. எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். ஒருவர் பிசகினாலும் பெரும்பாலும் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். பித்தளைக் கருவிகளுக்கான மைக் உயரத்தில் இருந்ததாம். பெர்ன்ஹார்ட்டுக்கு எட்டவில்லை. எங்கிருந்தோ ஒரு பெட்டியைத் தேடி எடுத்துவந்து அவர் காலடியில் போட்டவர் சினாட்ராவேதான் என்று பிற்காலத்தில் பெர்ன்ஹார்ட் நினைவுகூர்ந்தார்.

அதே ஆண்டு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் இதே பாட்டைத் தன் கோல் போர்ட்டர் ஆல்பத்தில் பாடினார், பட்டி பிரெக்மன் அரேஞ்ச்மென்டில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எல்லாவின் பதிவில் பாட்டு பாட்டாகவே, தெளிவாக நிற்கிறது. சினாட்ராவின் பதிவிலோ இசைக்குழு ஒரு கதை சொல்கிறது.

1960களில் ராக் இசை இந்தப் பாட்டுகளை ஓரம் தள்ளியபோது ரிடிலுக்கும் ஆல்பம் வேலை சுருங்கி, தொலைக்காட்சியும் சினிமாவும்தான் கைகொடுத்தன. 1983-ல் ராக் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் அவரைத் தேடிப் போய், பழைய ஸ்டாண்டர்ட்களை வைத்து ‘வாட்ஸ் நியூ’ ஆல்பத்தைச் செய்தார். அது லட்சக்கணக்கில் விற்றது. அரேஞ்ச்மென்டுக்காக ரிடிலுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. இருவருமாக மூன்று ஆல்பங்கள் செய்தார்கள். 1985 அக்டோபரில் ரிடில் இறந்தபோது மூன்றாவது இன்னும் வெளிவந்திருக்கவில்லை.