வெப் ஹோஸ்டிங்: சிறு தொழிலாக நடத்தத் தக்கதா?

கணிப்பொறிப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் சிறு நகரங்களிலும் இப்போது ஏராளமாக உள்ளனர். அவர்களுள் சிலர் சொந்தமாக வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்க விரும்பி, தமக்குப் பாடம் கற்பித்த ஆசிரியரிடமோ வட்டாரத்தில் பணிபுரியும் விரிவாக்க அலுவலரிடமோ ஆலோசனை கேட்பதுண்டு. சேமிப்பையோ கடன் பெற்ற பணத்தையோ முதலாக இடுபவருக்குக் கூறும் ஆலோசனை கணக்கின் அடிப்படையில் அமைதல் வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்கள் இங்கே தரப்படுகின்றன.

தொழிலின் தன்மை

ஒரு பள்ளியோ கடையோ கூட்டுறவுச் சங்கமோ இணையத்தளம் அமைத்துக்கொண்டால், அதன் பக்கங்களும் படங்களும் எங்கேனும் ஒரு கணிப்பொறியில் தங்கியிருக்க வேண்டும். இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கி, கேட்பவருக்கெல்லாம் அப்பக்கங்களை அனுப்பும் அக்கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். சர்வரில் இடம் ஒதுக்கிக் கொடுத்து வாடகை பெறுவதே வெப் ஹோஸ்டிங். பெரிய கட்டடம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துச் சிறு கடைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இத்தொழிலை மூன்று விதமாக நடத்தலாம். சர்வரை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது ஒன்று. தரவு மையத்திலுள்ள சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது மற்றொன்று. பெரிய நிறுவனத்திடம் இடத்தை மொத்தமாகப் பெற்றுச் சில்லறையாக விற்பது மூன்றாவது.

முதல் முறை உகந்ததன்று. சந்தாதாரர்கள் சாதாரணமாக எதிர்பார்ப்பது 99.9 சதவீத இயக்கம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். அதாவது, மின்தடை, இணைப்புத் தடை, பழுது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆண்டில் சர்வர் நிற்கக்கூடிய நேரம் அவ்வளவே. சாதாரண வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இவ்வுறுதியைக் காப்பது அரிது.

வரவு செலவு

இரண்டாம் முறைக்கு ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இத்தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. அவ்வப்போது நிலவும் விலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மாதந்தோறும் சர்வர் வாடகை 6,000 ரூபாய், கட்டுப்பாட்டு மென்பொருள் 3,000 ரூபாய், நகல் சேமிப்பு 1,500 ரூபாய், இதர செலவு 1,500 ரூபாய் எனக் கொண்டால் மொத்தம் 12,000 ரூபாய். சந்தா ஆண்டுக்கு 2,400 ரூபாய், அதாவது மாதம் 200 ரூபாய் என்றால், செலவை ஈடுசெய்யவே 60 சந்தாதாரர்கள் வேண்டும். உழைப்பிற்கு மாதம் 15,000 ரூபாய் மிஞ்ச வேண்டுமாயின் 135 பேர் தேவை. ஒவ்வொருவருக்கும் மாதம் அரைமணி நேரம் உதவி செய்வதாயின் 67 மணி நேரத்திற்கு மேல் அதற்கே செலவாகும். தொடக்கத்தில் 10 பேர் மட்டுமே இருக்கும் மாதங்களிலும் 12,000 ரூபாய் செலவு குறைவதில்லை.

மேலும், விலை சிறு தொழிலதிபரின் கையில் இல்லை. மைக்ரோசாப்ட் 2015இலும், அமேசான் 2016இலும், கூகுள் 2017இலும் தத்தம் மேகக் கணிமைச் சேவைக்கான தரவு மையங்களை இந்தியாவில் திறந்தன. இவற்றோடு வெறும் இடத்தின் விலையில் போட்டியிடுதல் இயலாது. 2019இல் சீபேனல் என்னும் பிரபல மென்பொருளின் கட்டணம், கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையுமாறு மாற்றப்பட்டது. ஒரே சர்வரில் பல சிறு சந்தாதாரர்களை வைத்திருந்தோரின் செலவு இதனால் உயர்ந்தது.

பொறுப்புக்கள்

2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு மையக் கட்டடம் தீயில் அழிந்தது. லட்சக்கணக்கான இணையத்தளங்கள் நின்றன. நகலையும் அதே இடத்தில் வைத்திருந்தோர் பலர் தம் தகவல்களை முற்றிலும் இழந்தனர். நகலை வேறோர் ஊரில் வைத்தல் வேண்டும். அதனைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும். ஒரு பள்ளியின் பல்லாண்டுப் பதிவுகள் அழிந்தபின், திருப்பித் தரும் சந்தாத் தொகை அதற்கு ஈடாகாது.

சட்டப் பொறுப்பும் உண்டு. கணிப்பொறி அவசரநிலை உதவிக்கான மத்திய அரசின் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி, இணையப் பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்ததை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். சேவைகளின் ஆண்டு வரவு பொதுவாக 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்தல் அவசியம்.

பயன் தரும் வழி

ஆயினும் இத்துறையைக் கைவிட வேண்டியதில்லை. உள்ளூர்க் கடைக்காரருக்கும் பள்ளி நிர்வாகிக்கும் வேண்டியது சர்வரில் இடம் மட்டும் அன்று. தளத்தை அமைத்து, அறிவிப்புக்களை மாற்றி, பழுது நேர்ந்தபோது தம் மொழியில் விளக்கிச் சொல்லும் ஓர் ஆளே அவர்களுக்குத் தேவை. மூன்றாம் முறையில் இடத்தை மாதம் 3,000 ரூபாய்க்குப் பெற்று, 30 பேரிடம் பராமரிப்பு உட்பட மாதம் 600 ரூபாய் வாங்கினால் வரவு 18,000 ரூபாய். மிச்சம் 15,000 ரூபாய். முன்கணக்கில் 135 பேரால் கிடைத்தது இங்கு 30 பேராலேயே கிடைக்கிறது. நட்டம் நேரினும் அது சிறியதாகவே இருக்கும்.

ஆலோசனை கேட்போருக்குப் பின்வருவனவற்றை எடுத்துரைக்கலாம்:

1. பத்துச் சந்தாதாரர்களாவது உறுதியாகும் முன் கடன் வாங்கலாகாது.
2. டொமைன் பெயரைச் சந்தாதாரர் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். தொழில் நின்றாலும் அவருடைய உரிமை நிலைக்கும்.
3. நகல், உதவி நேரம், கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் வரையறுக்க வேண்டும்.
4. நோய்வாய்ப்பட்டாலோ வெளியூர் சென்றாலோ பணியைக் கவனிக்க மற்றொருவரைப் பழக்கி வைக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், வெறும் இடத்தை வாடகைக்கு விடும் தொழிலாக இதனைத் தொடங்குதல் சிறு முதலீட்டாளருக்கு லாபகரமாகாது. தளம் அமைத்துப் பராமரிக்கும் பணியின் துணைத் தொழிலாகக் கொண்டு, அறிந்த வட்டாரத்தில் படிப்படியாக வளர்ப்பவருக்கு இது நிலையான வருவாயைத் தரக்கூடும்.