சக மதிப்பாய்வு

சக மதிப்பாய்வு என்பது ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை, வெளியிடுவதற்கு முன்பு, அதே துறையில் தேர்ந்த பிற ஆய்வாளர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும் முறையாகும். இப்பணிக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. மதிப்பாய்வாளர் யார் என்பது பொதுவாகக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கப்படாது. சில இதழ்களில் கட்டுரையாளரின் பெயரும் மதிப்பாய்வாளரிடமிருந்து மறைக்கப்படும். ஆய்விதழ்கள் 1665 முதல் வெளிவந்தாலும் இம்முறை எல்லா இதழ்களிலும் தொடக்கம் முதல் இருந்ததன்று; புகழ்பெற்ற நேச்சர் இதழ்கூட 1973இல்தான் இதைக் கட்டாயமாக்கியது.

நடைமுறை

கட்டுரை வந்ததும் இதழாசிரியர் முதலில் தாமே படித்துப் பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாதவை அப்போதே திருப்பி அனுப்பப்படும். மற்றவை இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களுக்குப் போகும். ஆய்வு முறை சரியானதா, சொல்லப்பட்ட முடிவுக்குத் தரவுகள் போதுமா, முன்னோர் ஆய்வுகள் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளனவா என்று பார்த்து அவர்கள் அறிக்கை எழுதுவர். திருத்தமே இல்லாமல் முதல் சுற்றில் ஏற்கப்படும் கட்டுரை அரிது. திருத்திய கட்டுரையுடன், ஒவ்வொரு கேள்விக்குமான பதிலையும் கட்டுரையாளர் அனுப்ப வேண்டும்.

'மதிப்பாய்வாளர் நிராகரித்துவிட்டார்' என்று ஆய்வு மாணவர்கள் சொல்வதுண்டு. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் பரிந்துரைப்பவர் மட்டுமே, முடிவு இதழாசிரியருடையது. பெரும்பாலான இதழாசிரியர்கள் பரிந்துரையை ஒட்டியே முடிவெடுப்பதால் இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை.

சந்திரசேகரும் சூரியக் காற்றும்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் இதழின் ஆசிரியராக இருந்தார். யூஜின் பார்க்கர் என்னும் இளம் ஆய்வாளரின் கட்டுரை ஒன்று 1958இல் அவரிடம் வந்தது. சூரியனைச் சூழ்ந்த கொரோனா அசையாமல் நிற்க இயலாது, அது ஒலியை விஞ்சும் வேகத்தில் வெளியே வீசிக்கொண்டே இருக்கும் என்பது அதன் முடிவு. கொரோனா நிலையானது என்றே அன்று பலரும் கருதினர். மதிப்பாய்வாளர்கள் இருவரும் கட்டுரையை மறுத்தனர்.

சந்திரசேகருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. வெளியிடத்தான் வேண்டுமா என்று பார்க்கரிடமே கேட்டார். மதிப்பாய்வாளர்கள் கணக்கில் எந்தப் பிழையையும் காட்டவில்லையே என்றார் பார்க்கர். சந்திரசேகருக்கும் பிழை தென்படவில்லை. கட்டுரை அவ்வாண்டே வெளிவந்தது.

பிழையைக் காட்டாமல் முடிவை மட்டும் மறுப்பது சந்திரசேகருக்குப் புதிதன்று. 1935இல் லண்டனில், வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பு பற்றிய அவருடைய கணக்கை ஆர்தர் எடிங்டன் அப்படித்தான் அவையில் எள்ளி ஒதுக்கினார்.

வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரைனர் 2 விண்கலம், 1962இல் சூரியக் காற்றை வழி நெடுக அளந்து காட்டியது. 2018இல் சூரியனை ஆராய நாசா ஏவிய கலத்துக்குப் பார்க்கரின் பெயரே சூட்டப்பட்டது.

வரம்புகள்

மதிப்பாய்வாளர் பொதுவாகச் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. ஆகவே புனைந்த தரவுகள் தப்பிவிடக்கூடும். சார்பும் ஒரு சிக்கலே. பார்க்கர், சந்திரசேகர் இருவருமே அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். இன்று பல இதழ்களின் விதிப்படி, உடன் பணியாற்றுபவரின் கட்டுரையை இதழாசிரியர் வேறொரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.