பேனலைத் திறக்கப் போறாங்க, வாங்க!

செருப்போடவே வரலாம், தயங்காதீங்க. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையின் பின்கட்டு இது. முன்னால் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேரம் பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பெண்ணாடத்திலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனின் பைக்கில், மடியில் ப்ளோயரோடு தொற்றிக்கொண்டு வந்ததில் எனக்கு அடித்தது யோகம்.

உள்ளே எல்லாமே வெள்ளை. சுவிட்ச், காலண்டர் முருகன், மேஸ்திரியின் புருவம் வரைக்கும் மண் மாவு. நடுவில் பால் மில். மண்ணையும் தண்ணீரையும் கூழாங்கல்லோடு போட்டு மணிக்கணக்கில் உருட்டும் இரும்பு உருளை. இன்றைக்கு அசையவில்லை. அதன் மோட்டாருக்கு வேகம் அளந்து கொடுக்கும் டிரைவ், சுவரோரப் பெட்டிக்குள் ‘ஓ.ஹெச்.’ என்று கண்சிமிட்டுகிறது. சூடு தாங்கலையாம்!

“ஊருக்கெல்லாம் ஃபியூஸ் கட்டை செஞ்சு குடுக்கறோம். நம்ம மிஷினே படுத்துக்கிச்சு பாருங்க” என்கிறார் மேஸ்திரி. அச்சு அடிக்கும் அக்காக்கள் சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு சுடாத பச்சைக் கட்டைகள் சரியப் பார்த்தன.

மெயினை இறக்கியாச்சு. உடனே கை வைப்பார் என்று பார்த்தால், அண்ணன் டீ கேட்கிறார்! காரணம் இருக்கிறது. உள்ளே போகும் 415 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி, 580 வோல்ட்டுக்கு மேல் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். கரண்ட் போன பிறகும் அது வடியப் பத்து நிமிஷம் விடணும். டீ முடிந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுத்தார்.

மூடி கழன்றது. அடேயப்பா! குளிர்விக்கும் குட்டி ஃபேன் மண்ணுக்குள் சமாதி ஆகியிருந்தது. “தள்ளி நில்லுங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ப்ளோயர் உறும, நாங்கள் எல்லோரும் விபூதி அபிஷேகம் ஆன சாமிகள். ஃபேனை விரலால் சுற்றிப் பார்க்கிறார், கரகரக்கிறது. பையிலிருந்து புதுசு வருகிறது. தளர்ந்த டெர்மினல்களுக்கு ஆளுக்கு ஒரு முறுக்கு.

ஸ்டார்ட்! மில் முக்கி முனகி அரைச் சுற்று வந்தது. டக்! இப்போது ‘ஓ.சி.’ கரண்ட் எகிறிவிட்டதாம். அண்ணன் பட்டன்களைத் தட்டித் தட்டி உள்ளே போய்ப் பார்க்கிறார். மோட்டார் முழு வேகத்துக்கு ஏற வேண்டிய நேரம் வெறும் 5 விநாடி என்று கிடக்கிறது. இத்தனை கல்லைச் சுமந்துகொண்டு எப்படி ஏறும்? “யாருப்பா இதைக் குறைச்சது?”

எல்லோருக்கும் திடீரென்று கூரை ஓட்டை எண்ணும் வேலை வந்துவிட்டது.

30 என்று மாற்றினார். கையோடு மோட்டாரின் பெயர்ப் பலகையைக் கட்டைவிரலால் துடைத்து, அதிலிருந்த ஆம்பியரும் சுற்று வேகமும் டிரைவில் பதிந்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார். மறுபடி ஸ்டார்ட். மெல்லிய விசில், ஒரு முனகல், அப்புறம் தடதட, தடதட! கைதட்டல் வேறு.

முகம் கழுவுவதற்குள் அண்ணனுக்கு போன், ஒரு ரைஸ் மில்லிலிருந்து. “எதையும் தொடாதீங்க. திரையில என்ன எழுத்து வருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றபடியே பைக்கை உதைக்கிறார். நான் ப்ளோயரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.