பந்தல் சரி, பந்தி சரி, பஸ் எங்கே?

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். பெரிய விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அரங்கம் கட்ட வேண்டும். வரும் விருந்தாளிகளுக்குப் படுக்க இடம், வேளைக்குச் சோறு, நேரத்துக்கு வண்டி எல்லாம் கொடுத்து, மனம் கோணாமல் வழியனுப்பவும் வேண்டும்.

2027-இல் சீ விளையாட்டுப் போட்டியை நம் நாடு மீண்டும் ஏற்று நடத்தவிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அரங்கமோ பதக்கமோ நினைவுக்கு வரவில்லை. 2010-இல் வராமல் போன ஒரு பஸ்தான் நினைவுக்கு வந்தது.

அப்பாவின் கணக்கு நோட்டு

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். தீபாவளிக்கு அடுத்த வாரம் தோட்டத்துத் திடலில் எழுவர் காற்பந்துப் போட்டி நடக்கும். மெர்லிமாவ், செலாண்டார், டுரியான் துங்கல் பக்கத்திலிருந்தெல்லாம் குழுக்கள் வரும். அப்பாதான் ஏற்பாட்டுக் குழுச் செயலாளர். பகலில் பால்மரம் வெட்டிவிட்டு, மாலையில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஆட்ட அட்டவணை இருக்காது. எந்தத் தோட்டத்துக்கு எந்த லோரி போகிறது, யார் ஓட்டுகிறார், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், பிள்ளைகளைத் திருப்பி விடுவது யார் என்பதுதான் இருக்கும். சோற்றுக் கணக்கு இரண்டாம் பக்கம். கிண்ணம், பரிசுப் பணம், மாலை, சிறப்பு விருந்தினர் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

“ஏம்ப்பா, கிண்ணத்தைக் கடைசியில எழுதியிருக்கீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆளு வந்து சேர்ந்தாத்தானப்பா கிண்ணம்? வராதவனுக்கு எதைத் தூக்கிக் குடுக்கறது?” என்றார்.

மலாக்காவின் முறை

சுக்மா எனப்படும் மலேசிய விளையாட்டுப் போட்டி 1986-இல் தொடங்கியது. மாநிலங்கள் முறை வைத்து நடத்தும் அந்தப் போட்டி 2010 ஜூனில் மலாக்காவுக்கு வந்தது. குருபோங்கில் 40,000 பேர் உட்காரக்கூடிய ஹாங் ஜெபாட் அரங்கம். நகரத்துக்கோ, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெருவெல்லாம் கொடி. எங்கு பார்த்தாலும் மற்ற மாநிலங்களின் சட்டை போட்ட பிள்ளைகள்.

அப்போது நான் மலாக்கா நகரில் வேலையில் இருந்தேன். தோட்டத்து இளைஞர் மன்றத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் 38 பேரைத் திறப்பு விழாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டு, மூன்று மணிக்கே கோயில் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஐந்து மணிக்கு வரவேண்டிய பஸ் ஆறுக்கும் வரவில்லை. ஆறரைக்குப் போன் செய்தேன். “வண்டியெல்லாம் விளையாட்டுக்குப் போயிடுச்சு, ஒண்ணுமே மிச்சமில்லை” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாநிலம் இவ்வளவு பெரிய போட்டியை நடத்தும்போது விளையாட்டாளர், பயிற்றுநர், நடுவர், தொண்டூழியர் என்று எல்லாரையும் விடுதிக்கும் திடலுக்கும் நாள் முழுக்க ஏற்றி இறக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பஸ்கள் முன்கூட்டியே அதற்குப் போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளாதது என் தப்பு. வாய்வார்த்தையை நம்பினேன். எழுத்தில் வாங்கவில்லை, மாற்று வண்டியும் பார்த்து வைக்கவில்லை.

அன்று இரவு பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் இருந்த தொலைக்காட்சியில் திறப்பு விழாவைப் பார்த்தார்கள். அரங்கம் இருந்தது முப்பது கிலோமீட்டர் சொச்சத் தூரத்தில்தான். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “முதல் பக்கத்துல என்னப்பா எழுதியிருந்த?” என்று மட்டும் கேட்டார்.

தோட்டத்தின் மேல் எழுந்த அரங்கம்

ஏற்று நடத்துவதில் நாம் எங்கே இருக்கிறோம் என்ற கேள்வி மலாக்காவுக்கு மட்டும் உரியதல்ல. 1998 செப்டம்பரில் காமன்வெல்த் விளையாட்டு முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. உலகமே பார்த்த அந்த புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம்மவர்கள் பால் வெட்டிய இடம். அந்தப் போட்டியின் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றபோது தோட்டந்தோட்டமாகக் கொண்டாடினோம். அதே புக்கிட் ஜாலில் தோட்டத்தில் கடைசியாக எஞ்சியிருந்த குடும்பங்கள், 2011-இலும் குடியிருக்க நான்கு ஏக்கர் நிலம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. இரண்டுமே நம் கதைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

கட்டிய பிறகு வரும் பாடும் சின்னதில்லை. 2008 சுக்மாவுக்காகத் திரெங்கானுவில் எழுப்பிய சுல்தான் மிசான் அரங்கத்தின் கூரை, திறந்து ஓராண்டு கழித்து 2009 ஜூனில் சரிந்து விழுந்தது. கனடாவின் மொன்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்கை நடத்திய கடனை அடைத்து முடிக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன.

2026 காமன்வெல்த் விளையாட்டை நடத்த ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு எகிறுகிறது என்று 2023 ஜூலையில் கைவிட்டது. நடத்தித் தருகிறீர்களா என்று மலேசியாவிடம் கேட்டார்கள். 10 கோடி பவுண்ட், அதாவது ஏறக்குறைய 60 கோடி ரிங்கிட், தருவதாகவும் சொன்னார்கள். 2024 மார்ச்சில் அமைச்சரவை வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்தப் பணம் போதாது, இருந்த காலமும் போதாது. கௌரவம் போய்விட்டதே என்று சிலர் வருந்தினார்கள். என் அப்பாவாக இருந்தால் நோட்டை மூடிவைத்துவிட்டு, “சரியான கணக்கு” என்றிருப்பார்.

2027-க்குப் போகிறீர்களா?

சீ விளையாட்டுக்குப் பிள்ளைகளோடு போக நினைக்கும் குடும்பங்களுக்கு, பட்ட அனுபவத்தில் சில வார்த்தைகள்.

மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இருந்த தண்டவாளத்தை ஜப்பானியர் காலத்தில் பெயர்த்து, சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பாதை போடப் போன நம் தோட்டத்து மக்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. போன தண்டவாளமும் திரும்பவில்லை. எனவே நமக்கு இரண்டு வழி. மலாக்கா சென்ட்ரலிலிருந்து பஸ் பிடித்துத் தலைநகரின் தி.பி.எஸ். முனையத்தில் இறங்கலாம். அலோர்காஜா, காடேக் பக்கத்தில் இருப்பவர்கள் புலாவ் செபாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறி பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கலாம். இரண்டும் கூடும் இடம் ஒன்றுதான். அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் இரண்டாவது நிலையம் புக்கிட் ஜாலில்.

கூட்டமாகப் போவதானால் பஸ்ஸைச் சில மாதங்களுக்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கி, முன்பணம் கட்டிவிடுங்கள். போகும் நேரத்தை விடத் திரும்பும் நேரத்தைக் கவனமாகக் குறியுங்கள். இறுதியாட்டம் முடியும்போது ஊருக்குக் கடைசி வண்டி போயிருக்கும். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் சோர வேண்டாம். சாலையில் நடக்கும் போட்டிகள் இருக்கின்றன. லங்காவி சைக்கிள் பந்தயம் மலாக்கா வழியாக வந்த ஆண்டுகளில், சாலையோரம் நின்று கைதட்டிய பிள்ளைகள் காசு கொடுத்தா பார்த்தார்கள்?

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அரங்கத்தில் காலி இருக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் கோயில் வாசலில் நின்ற அந்த 38 பேர் என் கண்முன் வருகிறார்கள். இலவச டிக்கெட் கொடுப்பது பெருந்தன்மைதான். ஆனால் புறநகருக்கும் தோட்டத்துக்கும் ஒரு பஸ்ஸை ஒதுக்காமல் டிக்கெட் மட்டும் கொடுத்தால், பத்திரிகை வைத்துவிட்டு மண்டபத்தின் விலாசத்தைச் சொல்லாமல் விட்டதுபோல் ஆகிவிடும்.

எங்கள் தோட்டத்துத் திடலில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்களை உடைத்துவிட்டார்கள், மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அப்பாவும் இல்லை. நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது.

அன்று கோயில் வாசலில் நின்றவர்களில் ஒருத்தி இப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். “அண்ணே, 2027-க்கு என் வகுப்புப் பிள்ளைங்கள அழைச்சிக்கிட்டுப் போகணும். நீங்கதான் ஏற்பாடு செய்யணும்” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “பஸ் வருமில்லண்ணே?” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் மூன்று பஸ்காரர்களின் எண்களை எழுதியாகிவிட்டது.