கேபிள் அறுந்தால் கைகொடுக்கும் வானம்

பசிபிக் தீவு நாடான டோங்காவில் சுமார் 1 லட்சம் பேர் வசிக்கிறார்கள். வெளியுலகத்தோடு அவர்களுக்கு இருந்த பெரிய இணைய வழி, ஃபிஜி வரை 800 கி.மீ.க்கு மேல் நீளும் ஒற்றைக் கடலடிக் கேபிள். 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்ததில் அது அறுந்தது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து வேலையை முடிக்க ஐந்து வாரங்கள் பிடித்தன. வெளித் தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் மீள ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவரை அவர்களுக்குக் கைகொடுத்தவை செயற்கைக்கோள்கள்தாம்.

செயற்கைக்கோள் இணையத்தின் பழைய முறை, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள்களை நம்பியது. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் அவை வானில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்; டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. ஒளிவேகத்தில் போனாலும் ஒரு கேள்வி மேலேறி இறங்கி, அதற்கான பதிலும் அதே வழியில் வந்துசேர ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது. தொலைதூர மருத்துவரிடம் வீடியோவில் நோயைச் சொல்லும்போதோ, இருவர் பேச்சும் ஒன்றோடொன்று மோதும்.

புதிய முறை கோள்களைத் தாழ்வாகச் சுற்றவிடுகிறது. இணையச் சேவைகளான ஸ்டார்லிங்கின் கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்திலும் ஒன்வெப்பின் கோள்கள் 1,200 கி.மீ. உயரத்திலும் சுற்றுகின்றன. தாமதம் நொடியின் நூற்றில் சில பங்காகச் சுருங்குகிறது. ஆனால் தாழ்வாகச் சுற்றும் கோள் மணிக்கு சுமார் 27,000 கி.மீ. வேகத்தில் ஓடி, சில நிமிடங்களில் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோள்களை ஏவ வேண்டியிருக்கிறது. ஒன்வெப்பின் 72 கோள்கள் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டில் இரு தவணையாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றன.

ஓடும் கோளைப் பின்தொடர்வது வீட்டுக் கூரையில் இருக்கும் தட்டையான பலகையின் வேலை. இந்தத் தொழில்நுட்பத்தில் மிக அழகான பகுதி இதுதான். பலகைக்குள் நூற்றுக்கணக்கான சிற்றாண்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் அனுப்பும் அலையை அடுத்ததைவிட இம்மியளவு முன்பின்னாக்கினால், அவை கூடி உருவாகும் கற்றை வேண்டிய பக்கம் சாய்கிறது. பலகை அசைவதே இல்லை. ஒரு கோள் பார்வையிலிருந்து மறையும் முன்பே கற்றை அடுத்த கோளுக்குத் தாவிவிடும்.

கோள் பெற்ற தரவு மறுபடி தரைக்கு வந்தாக வேண்டும்; அதைப் பெறுவது தரைநிலையம். 2022 பிப்ரவரியில் டோங்காவுக்காக ஃபிஜியில் ஒரு தரைநிலையம் அமைக்கும் வேலை நடந்தது. கோளிலிருந்து கோளுக்கு லேசர் வழியே தரவைக் கடத்தும் வசதி வந்தபின், நடுக்கடலிலும் துருவப் பகுதியிலும்கூடப் பக்கத்தில் நிலையம் தேவையில்லை.

கோள் தரைக்கு அனுப்பும் ஒரு கற்றையின் கொள்ளளவை அதன் கீழுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நெருக்கமான நகரங்களில் கண்ணாடியிழைக் கேபிளுக்குச் செயற்கைக்கோள் இணையம் ஈடாகாது. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் தீவுகளுக்கும் மலைக்கிராமங்களுக்கும் நன்றாகப் பொருந்தும். அங்கோ பலகையின் விலையும் மாதக் கட்டணமும் எளிய குடும்பத்துக்கு எட்டுவதில்லை. பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ ஒரு பலகையை வைத்து, வைஃபை மூலம் ஊரே பகிர்ந்துகொள்வது இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்த வழி.